கொத்தனாருக்கும் முன்பணம், தரகருக்கும் முன்பணம்

சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில் விவசாயி வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் வருவதுண்டு. ஒருவர் மேஸ்திரி. "மாடி போன மழைக்கே ஒழுகிச்சே அண்ணே, இப்பவே பார்த்துடலாம்" என்பார். மற்றவர் தரகர். "டவுனை ஒட்டி மனை போட்டிருக்காங்க, இன்னிக்கு டோக்கன் கொடுத்தா பழைய விலைக்கு முடிச்சுத் தரேன்" என்பார். இருவரும் முதலில் கேட்பது முன்பணம். விவசாயி பணத்தை இழப்பதும் பெரும்பாலும் இந்த முன்பணத்தில்தான்.

இரண்டில் எதை முதலில் செய்வது? தளம் ஒழுகினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மனை ஓராண்டு காத்திருக்கும். ஒழுகும் தளம் காத்திருக்காது. தளத்துக்குள் இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, அது உண்டான இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளி உடைக்கிறது. உள் கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து விழுவது இதனால்தான். இந்த ஆண்டு சில ஆயிரத்தில் முடிவது, இரண்டு மழை கழிந்தால் தளத்தையே மாற்றும் வேலையாகலாம். அந்த அறையில் விதை நெல்லோ மணிலாக் கொட்டையோ வைத்திருப்பவருக்கு நட்டம் இரட்டிப்பு. நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். கூரையில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்பது தவறு. தண்ணீர் தட்டோட்டுக்குக் கீழே பல அடி ஓடி வேறோர் இடத்தில் இறங்கும். பல வீடுகளில் குற்றம் தளத்தில் இருப்பதில்லை. மழைத்தண்ணீர்க் குழாயின் வாயிலும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும்தான் இருக்கிறது. குழாய் வாயை அடைத்து, மாடியில் 2 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: 100 சதுர அடிப் பரப்பில் 2 அங்குலத் தண்ணீர் என்பது சுமார் 470 கிலோ பாரம். தளம் தொய்ந்திருந்தாலோ, கீழே கம்பி வெளியே தெரிந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதே நல்லது.

அடுத்தது மேஸ்திரியுடன் பேச்சு. புது வீட்டுக்குப் பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகப் பேசலாம். பழுது வேலைக்கு அது சரிப்படாது. கொத்திப் பார்த்த பிறகுதான் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியும். மொத்தமாகப் பேசினால், கெட்டது அதிகம் என்றால் மேஸ்திரி மூடி மறைப்பார். குறைவு என்றால் மீதி அவருக்கு லாபம். ஆகவே பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கொத்தும் வேலைக்கு நாள் கூலியும், கொத்தி முடிந்தபின் அளந்து பூச்சுக்குச் சதுர அடிக் கூலியும் பேசிக்கொள்வது நலம்.

முன்பணமே கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மேஸ்திரியும் சித்தாளுக்கும் பெரியாளுக்கும் வாரக் கடைசியில் கூலி கொடுத்தாக வேண்டியவர். இரண்டு நாள் கூலி அளவுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் அவர் அடுத்த ஊரில் ஒரு வேலையைப் பிடிப்பதற்கு நம் பணம் உதவும். நமக்கே இந்த அனுபவம் உண்டு. மாசியில் பாதிப் பணம் வாங்கியவர் மாடியைக் கொத்திப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி முகம் காட்டியபோது புரட்டாசி பிறந்துவிட்டது. கொத்திய மாடியோடு அந்த ஆடி, ஆவணி மழையைக் கழித்தோம்.

கொத்தி முடிந்ததும் ஒரு பங்கு, கம்பியைச் சுத்தம் செய்து பூசியதும் ஒரு பங்கு, மேல் தளம் முடிந்ததும் ஒரு பங்கு என்று கொடுக்கவும். பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை பெய்து பார்த்தபின் தருவதாக முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, தொகை, எந்த வேலைக்கு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கவும். கைப்பேசியில் பணம் அனுப்பினாலும் நோட்டில் எழுதுவதை விட வேண்டாம். பணம் போனதைக் கைப்பேசி காட்டும். எதற்காகப் போனது என்பதை நோட்டுதான் காட்டும்.

வேலை நடக்கும்போது கூட இருந்து பார்க்க வேண்டியவை சில. துருப்பிடித்த கம்பியின் மேலேயே சிமெண்டைப் பூசுவது நோயை மூடி வைப்பதாகும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்த பிறகே பூச வேண்டும். கம்பி பாதியாக இளைத்திருந்தால் பூச்சு போதாது, புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். மணலோ எம்.சாண்டோ எதுவானாலும், கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டு, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வைக்கவும். மணல் 10 செ.மீ. உயரம் நின்றால், அதன் மேல் படியும் மண்டி 8 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கலந்த கலவையை அரை மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். சாப்பிடப் போய் வந்து, இறுகியதில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவதை அனுமதிக்கவே கூடாது.

மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது நம் பக்கத்துப் பழைய முறை. வெயிலுக்கும் அது நல்லது. எந்த முறையானாலும் வாட்டம் முக்கியம். தட்டோடு காய்ந்ததும் ஒரு குடம் தண்ணீர் கொட்டிப் பாருங்கள். குழாயை நோக்கித் தானாக ஓட வேண்டும். சிமெண்டு வேலையைக் குறைந்தது 7 நாள், முடிந்தால் 10 நாள் நனைத்து வைக்கவும். பங்குனி, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் வற்றிவிடும் என்பதால்தான் மாசியிலேயே தொடங்கச் சொல்கிறோம்.

இனி மனைக்கு வருவோம். பழுது பார்த்தது போக மீதி இருந்தால், அந்தப் பணம் உடனே தேவைப்படாது என்றால், மனை வாங்குவதில் தவறில்லை. ஆனால் மனை விளைச்சல் தராது. அவசரத்துக்கு விற்கப் போனால் நினைத்த விலையும் கிடைக்காது. கடன் வாங்கி மனை வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை.

இங்கும் காகிதம் பார்க்கும் முன் டோக்கன் பணம் கொடுக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தபோது, டோக்கனும் தவணையும் கட்டிவிட்டுப் பத்திரம் பதிய முடியாமல் நின்றவர்கள் பலர். ஆகவே நகர் ஊரமைப்பு அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அது சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. பதிவு செய்யாமல் பத்திரத்தை ஈடாகக் கொடுத்து வாங்கிய கடன் அதில் தெரியாது. எனவே தாய்ப்பத்திரத்தின் அசலையே கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டி, அசல் லாக்கரில் இருக்கிறது என்றால், லாக்கரைத் திறக்கும் நாளில் வருகிறோம் என்று சொல்லிவிடவும். பவர் ஏஜெண்டு விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கவும். பொதுவாக அவர் இறந்தால் பவரும் போய்விடும். பவர் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் இடம் உங்களுக்குச் சொந்தமாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்.

பதிவுச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடவும். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்தால் 9. மதிப்பு 5 லட்சம் என்றால் 45 ஆயிரம். பதியப் போகும் முன் அன்றைய விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

பத்திரம் முடிந்த கையோடு பட்டா மாறுதலைப் பார்க்கவும். உட்பிரிவு செய்ய வேண்டிய இடமானால் நில அளவர் வர வேண்டியிருக்கும். அவர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, நான்கு பக்கத்துக்காரர்களையும் வரச் சொல்லி, அவர்கள் முன்னிலையில் கல் நட்டுக்கொள்ளவும்.