வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் புகையல்ல

தை, மாசியில் ஒரு காலை யாழ்ப்பாணத் தீவகத்தில், சுருவில் பக்கத்துக் கடல் வெளுத்துக் கிடந்தால் போதும், "இந்தியாவின் நச்சுப்புகை வந்திட்டுது" என்ற குரல்பதிவு கைபேசிக்குக் கைபேசி ஓடத் தொடங்கிவிடும். வருடாவருடம் இதே பல்லவி. புகை வந்ததே இல்லையா என்று கேட்பார்கள். வந்ததுதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது மாசுக்காற்று இலங்கைக்குள் இழுபட்டது. 9ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். ஆனால் அது காற்றடித்த நாட்களில், நடுப்பகலிலும் விலகாத மங்கல். தை மாதப் புகார், அதாவது மூடுபனி, அப்படியல்ல. வானம் வெளித்து, காற்று விழுந்த இரவில் தரை குளிர்ந்து, ஈரம் துளிகளாகி, ஒடுங்கிய கடல்மேலும் பரவுகிறது. வெயில் ஏறக் கலைந்துவிடுகிறது. பத்து மணிக்குள் காணாமற்போகும் நச்சுப்புகையை எந்த ஊரில் கண்டார்கள்? புகைத்துகளைப் பற்றிக்கொண்டும் துளி உருவாகுமே என்பது நியாயமான மறுப்பு. உருவாகும், புகார் அடர்த்தியாகவும் கூடும். ஆனால் காற்றில் ஈரம் நிறையாவிட்டால் எத்தனை துகள் இருந்தும் புகார் வராது.

புகாரா புகையா என்பதற்கு வாக்குவாதம் தேவையில்லை, அளந்தால் போதும். கப்பல்களில் நெடுங்காலமாகச் செய்வதுதான்: இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் புகார். ஈரக்குமிழ் பல பாகை கீழே நின்றால் தூசோ புகையோ. காற்று வரும் பக்கத்தில், இயந்திரச் சூடு படாத இடத்தில் பிடிக்கவேண்டும். துணியில் கடலுப்பு ஏறினால் கணக்குப் பிழைக்கும். நல்லதண்ணீரில் அலசி மாற்றவேண்டும். ஈரம்தான் என்று தெரிந்தபின், பார்வை ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்தால் புகார், அதற்கு மேலென்றால் மென்பனி.

கடலே ஆவி கக்குகிறது என்பது இன்னொரு கதை. கடற்புகார் பெரும்பாலும் சூடான ஈரக்காற்று குளிர்நீர்மேல் போகும்போதுதான் பிறக்கிறது. நியூபவுண்லாந்துக்கு அப்பால் அப்படித்தான். இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஹரிந்திர ஜோசப் பெர்னாண்டோவின் குழு 2022இல் கடற்புகாரைக் கப்பலிலிருந்து அளந்தது அங்கேதான். எங்கள் ஆழமில்லாக் கடலில் அந்தக் குளிர் ஏது? புகாரா புகையா என்று கைபேசி வானிலைச் செயலி சொல்லும் என்பதும் வீண்பேச்சு: அது பல கிலோமீற்றர்க் கட்டங்களுக்குப் போட்ட கணிப்பு, படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் எடுத்த அளவு அல்ல.

நெடுந்தீவு, நயினாதீவுப் படகுகளை நடத்துவோர் ஒவ்வொரு படகிலும் இரண்டு வெப்பமானிகளும் ஒரு குறிப்புக் கொப்பியும் வைக்கட்டும். குரல்பதிவை அடுத்தவருக்குத் தள்ளுமுன் அந்தக் கொப்பியைப் பாருங்கள்.