தனித்து ஓடிய வீரர்

விளையாட்டு வீரரின் பெருமையை எண்களால் அளப்பது நம் வழக்கம். எண்கள் பொய் சொல்லா. ஆயினும் முழு உண்மையையும் அவை சொல்லிவிடுவதில்லை. தென்னாபிரிக்காவின் வேகப் பந்துவீச்சாளராய் விளங்கிய மக்காயா நிட்டினியின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

தென்னாபிரிக்கா 1889ஆம் ஆண்டு தொட்டு ரெஸ்ற் ஆட்டங்களில் பங்குகொண்ட நாடு. எனினும் அதன் அணி நெடுங்காலம் வெள்ளையர்க்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நிறவொதுக்கற் கொள்கை காரணமாக 1970 முதல் சர்வதேச அரங்கில் அந்நாட்டுக்கு இடமில்லாது போயிற்று. 1991இலேயே அது மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

நிட்டினி 1977 யூலை 6ஆம் நாள், கிழக்குக் கேப் பகுதியில் மிடிங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் மாடு மேய்த்தார். காலைக் குளிரில் வெறுங்கால் விறைக்கும்போது புதுச் சாணத்தில் மிதித்துச் சூடேற்றிக்கொள்வார் என்பர். வட்டாரத் துடுப்பாட்ட வளர்ச்சி அலுவலர் ஒருவர் அவரது ஆற்றலைக் கண்டறிந்தார். அதன் பயனாகக் கிங் வில்லியம்ஸ் ரவுணிலுள்ள டேல் கல்லூரியிற் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஒரு கல்லூரியின் கதவு திறந்தமையால் ஒரு நாட்டின் வரலாறே திரும்பிற்று.

1998 மார்ச்சு மாதம் கேப் ரவுணில் நம் இலங்கை அணிக்கு எதிராக அவர் தமது முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடினார். தென்னாபிரிக்காவுக்காக ரெஸ்ற் ஆடிய முதற் கறுப்பு ஆபிரிக்கர் அவரே. முதல் ரெஸ்ற்றுக்கும் அந்நாளுக்கும் இடையே 109 ஆண்டுகள் கழிந்திருந்தன!

பந்தெறி கோட்டின் ஓரத்திலிருந்து உட்கோணமாய் வீசுவது அவர் முறை. சோர்வறியாமை அவர் பலம். 2003இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பத்து விக்கெற்றுகளை வீழ்த்திய முதற் தென்னாபிரிக்கரானார். மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டார். 2005இல் போர்ட் ஒவ் ஸ்பெயினில் மேற்கிந்தியருக்கு எதிராக 132 ஓட்டங்களுக்கு 13 விக்கெற்றுகள் பெற்றார். மொத்தம் 101 ரெஸ்ற் ஆட்டங்களில் 390 விக்கெற்றுகள் அவர் சாதனை. 2011 சனவரியில் டேர்பனில் சர்வதேச ஆட்டத்துக்கு விடைகொடுத்தார்.

மைதானத்துக்கு ஓடியே செல்லும் அவர் வழக்கத்தை அக்காலத்தில் யாவரும் பாராட்டினர். 2020இல் அவர் அதன் காரணத்தை வெளியிட்டார். பேருந்தில் அவர் பின்னே அமர்ந்தால் மற்றவர் முன்னே சென்று அமர்வராம். இராவுணவுக்கு அழைக்க அவர் கதவை ஒருவரும் தட்டுவதில்லையாம். அத்தனிமைக்கு அஞ்சியே, பையைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு ஓடினாராம். நாம் உடல்வலி என்று வியந்தது உள்ளத்தின் வலியுமாகும்.

ஒருவனை அணியிற் சேர்ப்பது சட்டத்தால் இயலும். அவனோடு சேர்ந்து உண்பது மனத்தால் மட்டுமே இயலும். நம் கல்லூரி மைதானத்திலும் விடுதியிலும் தனித்து நிற்கும் மாணவன் எவனேனும் உளனோ? இன்றிரவே அவன் கதவைத் தட்டுவோமாக.