வளிச்சீராக்கிப் பழுதுகள்: முக்கியக் குறிப்புகள்

● வினாத்தாளில் அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி. வேலைத்தளத்தில் கொம்பிரசர், கண்டென்சர், கூலிங் கொயில். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சிக் கடையில் போய் 'ஒடுக்கி' கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

● 1 தொன் = மணிக்கு 12,000 பி.ரி.யூ = ஏறத்தாழ 3.5 கிலோவாற்று. 1 தொன் ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருக எடுக்கும் வெப்பமே இந்த அளவு. ஏசியின் எடை என்று எழுதிவிடாதீர்கள்.

● "காஸ் முடிஞ்சுது." வன்னியில் ஏசி குளிராவிட்டால் முதலில் கேட்கும் சொல் இதுதான், பெரும்பாலும் பிழையான சொல். காஸ் எரிபொருள் அல்ல, மூடிய சுற்றுக்குள் ஓடுவது. முடியாது, கசியும். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற கதை. வெளி அலகின் மெல்லிய குழாயில் பனி, பிளேயர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு: இவை கசிவின் அடையாளம். சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி வரும் இடம் ஓட்டை.

● உள் கொயிலில் ஐஸ் கட்டினால் முதலில் பில்டரைப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசு அதை மூடிவிடும். காற்றோட்டம் குறையக் கொயில் 0 பாகைக்குக் கீழே போகும். வட்டக்கச்சியில் காஸ் போடக் கூப்பிட்ட ஒரு வீட்டில் பில்டரைக் கழற்றிக் கிணற்றடியில் கழுவினோம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கேஜ் பெட்டியைத் திறக்கவேயில்லை. ஐஸை விசிறியை மட்டும் ஓடவிட்டு உருக்க வேண்டும்; கத்தியால் சுரண்டினால் கொயில் ஓட்டையாகும்.

● கொம்பிரசர் உறுமுகிறது, ஆனால் தொடங்கவில்லை: பெரும்பாலும் கப்பாசிற்றர் (கொள்ளளவி). அலகு மைக்ரோபரட். மெயினை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் நிற்கும். இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். செய்முறைப் பரீட்சையில் இதை மறந்தால் மன்னிப்பில்லை.

● வழங்கல் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நீண்ட லைனின் கடைசி வீடுகளில் பொழுதுபடும் நேரம் வோல்ற்றளவு விழும். அப்போதும் கொம்பிரசர் தொடங்கத் திணறும். கரண்ட் போய் வந்தால் 3 நிமிடம் பொறுக்க வேண்டும், அழுத்தம் சமப்படுவதற்கு.

● உள் அலகில் நீர் ஒழுகல்: வடிகுழாய் அடைப்பு. முல்லைத்தீவுக் கரையோரம்: உப்புக்காற்றால் அலுமினியத் தகடு அரிப்பு.

● வெப்பப் பம்பி: நான்குவழி வால்வு சுற்றைத் திருப்ப, உள்ளே சூடு வரும். நுவரெலியாவுக்குச் சரி, வவுனியாவுக்கு எதற்கு? ஆனால் பிள்ளைகள் ரிமோட்டில் சூரியன் படத்தை அழுத்திவிட, 'ஏசி பழுது' என்று அழைப்பு வரும்.

● ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை 1987, இலங்கை இணைந்தது 1989. அதற்கான கிகாலி திருத்தம் 2016. ஆர்-22 காஸ் ஓசோனைக் கெடுக்கும். ஆர்-410ஏ கெடுக்காது, ஆனால் புவி வெப்பமாக்கும் திறன் 2,088; கலவை வாயு என்பதால் திரவ நிலையில்தான் நிரப்ப வேண்டும். ஆர்-32க்கு அத்திறன் 675. மெல்ல எரியக்கூடியது, பீடியை வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பாஸ்மார் கவனிக்க.