கூரைக்கடியில் இயற்பியல்

கட்டடக்கலை என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது வரைபலகையும் டீ-ஸ்கொயரும்தான். கட்டடம் எழுப்புவது என்றால் அது சிமெண்டும் கம்பியும் சேர்ந்த பொறியாளர் வேலை என்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பாடம் இருப்பதைப் பலர் அறியார். ஒரு கட்டடத்துக்குள் வாழப்போகும் மனிதருக்கு எவ்வளவு வெப்பம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று, எவ்வளவு ஓசை வந்து சேரும் என்பதை, அடிக்கல் நாட்டுமுன்பே கணக்கிட்டுச் சொல்லும் பாடம் அது. அதனைக் கட்டடக்கலை அறிவியல் என்பர்.

இக்கல்லூரியின் இயற்பியல் துறைக்கு வருமுன், வேறோர் ஊரில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இப்பாடத்தைச் சில ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அங்கே நான் சொல்லிக் கொடுத்ததில் நம் பி.எஸ்ஸி. மாணவர் அறியாத விதி என்று ஒன்றுகூட இல்லை. வெப்பக் கடத்தல், கதிர்வீச்சு, எதிர்முழக்கம், கோணவியலில் ஒரு டேஞ்சென்ட், அவ்வளவுதான். அவற்றைச் சுவரின்மேலும் கூரையின்மேலும் ஏற்றிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

இது பழமையான பாடமும் அன்று. 1953-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி கோவன் என்பவர் கட்டடக்கலை அறிவியலுக்கெனப் பேராசிரியராக அமர்ந்தார். இத்துறைக்கு உலகில் ஏற்பட்ட முதற்பேராசிரியர் பதவி அதுவே என்பர். கனடாவின் டொராண்டோ நகரில் இதே பெயரில் ஓர் இளநிலைப் பட்டமே வழங்கப்படுகிறது. நம் நாட்டில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்தாண்டுப் படிப்பு. 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்படி, அப்படிப்பை முடித்துப் பதிவு செய்துகொண்டவரே தம்மைக் கட்டடக்கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஐந்தாண்டுக்குள் தட்பவெப்பம், ஒளி, ஒலி என்ற தலைப்புகளில் இவ்வறிவியல் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒலியிலிருந்து தொடங்குவோம். ஏனெனில் இத்துறையின் முதல் வெற்றி அங்கேதான் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தவரும் ஓர் இயற்பியல் ஆசிரியரே. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் சொற்பொழிவுக் கூடம் பார்வைக்கு அழகாயிருந்தது. ஆனால் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து குழம்பிப் போகும். பல்கலைக்கழகத் தலைவர் எலியட், இதற்கொரு வழி காணுமாறு வாலஸ் சேபின் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டார்.

சேபினிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழலும், நேரம் அளக்கும் கருவியும், தம் காதுமே. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்து வந்து கூடத்தில் பரப்பி, மெத்தைகள் கூடக்கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். ஊர் உறங்கிய பிறகுதானே அமைதி கிடைக்கும்! விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி அடுக்கியாக வேண்டும். இப்படிக் கண்ட விதி எளியது. எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர் விகிதத்திலும், அறைக்குள் ஓசையை உட்கவரும் பரப்புகளின் மொத்தத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். கன மீட்டரில் கண்ட அறையின் அளவை 0.161 ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் கண்ட உட்கவர் பரப்பால் வகுத்தால் விநாடிக் கணக்கு வந்துவிடும். இவ்விதியைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டப்பட்ட பாஸ்டன் சிம்பனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

இதை நம் வகுப்பறைக்குப் பொருத்திப் பார்ப்போமா? நீளம் 10 மீட்டர், அகலம் 7, உயரம் 4 என்று கொள்வோம். கன அளவு 280. தரை, தளம், நான்கு சுவர் எல்லாம் சேர்ந்த பரப்பு 276 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மேல் படும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கைத்தான் விழுங்கும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே உட்கவர் பரப்பு ஏறத்தாழ 6.9 சதுர மீட்டர். கதவு சன்னல்களை மூடி, பெஞ்சுகளும் இல்லாத வெற்றறையில் முழக்கம் அடங்க ஆறரை விநாடி ஆகும். ஃபாக் கூடத்தைவிட மோசம்! திறந்த சன்னலிலிருந்து ஓசை திரும்பி வருவதில்லையாதலால், அதன் முழுப் பரப்பையும் உட்கவர் பரப்பாகவே கொள்ளலாம். 1.2 மீட்டர் சதுரமான நான்கு சன்னல்களைத் திறந்தால் நேரம் மூன்றரை விநாடியாகக் குறைகிறது. பிறகு மாணவர்கள் வருகிறார்கள். ஒரு மாணவர் உடலும் உடையுமாகச் சுமார் 0.4 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். அறுபது பேர் அமர்ந்தால் 1.2 விநாடி. பேச்சு தெளிவாக விளங்க ஒரு விநாடிக்குள் இருப்பது நன்று, அதை நெருங்கிவிட்டோம். வகுப்புக்கு வராத மாணவர் தம் படிப்பை மட்டுமன்றி ஆசிரியர் குரலையும் கெடுக்கிறார் என்பதற்கு இதுவே கணிதச் சான்று.

அடுத்து வெயில். கட்டடக்கலை மாணவர் முதலாண்டிலேயே சூரியன் செல்லும் பாதையைப் படமாக வரையக் கற்றுக்கொள்கிறார். சென்னை வடக்கு அகலக்கோடு 13 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தென்வானில் 53½ பாகை உயரத்தில் நிற்கும். மார்ச் 21-இல் 77 பாகை. ஏப்ரல் 24-ஐ ஒட்டி நேர் உச்சிக்கு வந்து, பிறகு உச்சியைக் கடந்து வடக்கே சாய்கிறது. ஜூன் 21-இல் வடவானில் 79½ பாகை. திரும்பவும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி உச்சிக்கு வருகிறது. சித்திரையில் உச்சிக்கு வரும் சூரியனுக்கு வைகாசியில் ஏன் இத்தனை கொடுமை என்று கேட்கத் தோன்றும். தரை சூடேறக் காலம் பிடிக்கிறது என்பதே விடை. இந்தக் காலதாமதத்தைக் கூரையிலும் காணப்போகிறோம்.

தெற்குப் பார்த்த நான்கடி உயரச் சன்னலுக்கு ஓரடி சன்ஷேடு இருந்தால் மார்ச் மாத நண்பகல் வெயில் முழுவதும் தடைபடும். டிசம்பரில் முழுதும் தடுக்க மூன்றடி வேண்டும். ஆனால் டிசம்பர் வெயிலுக்கு யார் அஞ்சுகிறார்கள்? மேற்குச் சன்னல் வேறு கதை. மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் 32 பாகையளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே நான்கடிச் சன்னலைக் காக்க ஆறடிக்கு மேல் சன்ஷேடு வேண்டும். ஐந்து மணிக்கு அதுவும் போதாது. இருந்தும் நம் ஊர்களில் நான்கு பக்கச் சன்னலுக்கும் ஒரே ஒன்றரையடி சன்ஷேடைத்தான் வைக்கிறார்கள். தெற்கில் அது வேலை செய்கிறது. மேற்கில் அழகுக்கு நிற்கிறது. மேற்குச் சுவரில் சன்னலைக் குறைப்பது, வெளியே ஒரு வேம்பு வைப்பது, நெடுக்குப் பலகைகளால் மறைப்பது ஆகியவையே அங்குப் பயன் தரும். மனையடி சாத்திரம் பார்த்து வீடு கட்டுவோரிடம் நான் வாதாடுவதில்லை. அதோடு சூரியன் பார்க்கும் கோணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சுவரைவிடக் கூரைக்குத்தான் வெயில் அதிகம். நம் நாட்டில் ஆண்டில் பெரும்பகுதி சூரியன் தலைக்கு மேலேயே சுற்றுவதால், பகல் முழுதும் வெயிலில் கிடப்பது மொட்டை மாடியே. தெளிந்த வானில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஆயிரம் வாட். பத்துக்குப் பன்னிரண்டடி அறையின் கூரை 11 சதுர மீட்டர். அதாவது, ஆயிரம் வாட் மின் அடுப்புகள் பதினொன்றைத் தலைக்கு மேல் எரியவிட்டது போல. பழைய சிமெண்டுத் தளம் இதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எதிரொளிக்கும். புதிதாக வெள்ளையடித்த தளம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிரொளிக்கும். ஒரு வாளிச் சுண்ணாம்பினால் உட்புகும் வெப்பத்தைப் பாதியாக்கலாம் என்பது இதன் பொருள். மழையில் கரைந்து போகும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். செலவு குறைவு என்பதாலோ என்னவோ இதை யாரும் மதிப்பதில்லை.

தளம் உட்கவர்ந்த வெப்பம் உடனே அறைக்குள் வந்துவிடாது. அது அலைபோலக் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்குகிறது. ஐந்தங்குலக் கான்கிரீட்டைக் கடக்க அந்த அலைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். கடந்து வரும்போது அதன் ஏற்ற இறக்கம் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். தளம் எல்லையற்ற தடிப்புடையது என்று வைத்துக்கொண்டு போடும் தோராயக் கணக்கு இது. இருந்தும் நடைமுறைக்கு வழிகாட்டும். அதன்மேல் நான்கங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்தால், மேலும் மூன்று மணி நேரத் தாமதம் கிடைக்கும். அலையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

இங்குதான் என் மாணவர்களுக்குள் வழக்கு எழுந்தது. தடித்த கூரையே சிறந்தது என்றனர் பாதிப் பேர். தளத்தின் மேற்புறம் ஒரு மணியளவில் உச்சச் சூடு அடைகிறது என்றால், ஆறு ஏழு மணி நேரம் கழித்து, அதாவது இரவு எட்டு மணிக்கு, அந்த உச்சம் உட்புறத்துக்கு வந்து சேர்கிறது. கல்லூரிக் கட்டடமாயின் அந்நேரம் பூட்டிக் கிடக்கும், கவலையில்லை. அதே கூரையை மாணவர் விடுதிக்குப் போட்டால்? பகலெல்லாம் வகுப்பில் இருந்துவிட்டு, படிக்கவும் உறங்கவும் அறைக்குத் திரும்பும் வேளையில்தானே கூரை தன் சூட்டை இறக்கத் தொடங்கும்? மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே கீழே தள்ளும். மேல்மாடி அறை கிடைத்த மாணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதில் நியாயம் உண்டு. வெட்டவெளி வானை நோக்கிக் கதிர்வீசும் மேற்புறம் முதலில் குளிர்ந்துவிடுகிறது; அடிப்புறம் காத்துக்கிடக்கிறது.

எனவே நல்ல கூரை எது என்று கேட்பதற்கு முன், அதனடியில் யார், எந்த நேரத்தில் இருக்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். விடுதிக்கு வெப்பம் நுழையாமலே தடுக்கும் வெள்ளைப் பூச்சும், இரவில் சூட்டை வெளியேற்றும் உயர்ந்த திறப்புகளும் வேண்டும். தடிப்பை மட்டும் கூட்டுவது நோயைப் பகலிலிருந்து இரவுக்குத் தள்ளிப்போடுவதே ஆகும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, இரவு பதினோரு மணிக்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டே புத்தகம் புரட்டும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள்? கட்டட வரைபடத்தில் கையெழுத்திட்டவர் எவரும் அந்த அறையில் ஒரு மே மாத இரவைக் கழித்திருக்க மாட்டார்.

காற்றைப் பற்றிச் சில சொற்கள் போதும். நுழைய ஒரு வழியிருந்து வெளியேற வழி இல்லையேல் காற்று நுழையவே நுழையாது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று வரும். கிழக்கே பெரிய சன்னல் வைத்துவிட்டு எதிர்ச்சுவரை அடைத்துவிட்டால் அது தெருவோடு போய்விடும். கடலோரத்தில் ஈரப்பதம் மிகுதி. இரவுக்கும் பகலுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. ஆகவே அங்குக் காற்றோட்டமே முதல் மருந்து. உள்நாட்டில் வேறுபாடு மிகுதியாதலால் தடித்த சுவர் உதவுகிறது. முற்றம் வைத்த வீடெல்லாம் எங்கும் குளிரும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஊர் அறிந்து சொல்ல வேண்டும்.

இப்பாடத்தைப் படிக்க எப்படிப்பட்ட மாணவர் ஏற்றவர் என்று சிலர் கேட்டனர். நான் கண்டவரை, அழகாக வரைபவர்கள் எண்களைக் கண்டு மிரண்டார்கள். கணக்கில் தேர்ந்தவர்களுக்கு ஓர் அறையை மனத்தில் நிறுத்திப் பார்க்கத் தெரியவில்லை. இருசாராரும் தேறியது, சொந்த வீட்டை அளந்து வரச் சொன்ன பிறகே. வெப்பமானியும் அளவுநாடாவும் கொடுத்து, தளத்தின் அடிப்புறச் சூட்டை மணிக்கொருதரம் குறித்து வரச் செய்தேன். தம் தாயார் பிற்பகலில் ஏன் அடுக்களையை விட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார் என்பதை ஒரு மாணவி வரைகோட்டுப் படமாகவே போட்டுக் காட்டினாள். மதிப்பெண் போட எனக்குச் சற்றும் தயக்கமிருக்கவில்லை. பட்டப்படிப்பு இயற்பியலோடு இத்துறையில் நாட்டமுள்ளோர்க்கு ரூர்க்கியில் 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளையும், 1970-இல் முதன்முதலாக வெளிவந்து பின்னர்த் திருத்தப்பட்டுவரும் தேசியக் கட்டட விதித் தொகுப்பையும் பார்க்குமாறு சொல்வேன்.

அதற்கும் முன்பாக இன்றே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதளமான இடத்தில் செங்குத்தாக நட்டு, நண்பகலில் நிழலின் நுனியைக் குறித்து வாருங்கள். சென்னையில் உண்மை நண்பகல் கடிகாரத்தில் 12 மணி 9 நிமிட அளவில் வரும். நாளுக்கு நாள் சில நிமிடம் மாறும். நிழல் மிகக் குறுகும் கணமே நண்பகல் என்று கொள்க. டிசம்பர் 21-இல் நிழல் வடக்கே 74 செ.மீ. விழும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இராது. ஜூன் 21-இல் தெற்கே 18 செ.மீ. கணக்கு ஒத்து வராவிட்டால், கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி, குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்கவும்.