மங்கலே அதன் அழகு

அண்ணன் இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேமித்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதன் நிறம் கறுப்பு. ஆனால், மற்ற வண்டிகளைப் போல் அது மின்னவில்லை. கரும்பலகையைப் போல மங்கலாக இருந்தது. “இதற்கு ‘மேட்’ சாயம் என்று பெயர். இந்த மங்கல்தான் இதற்கு அழகு,” என்று அண்ணன் பெருமையுடன் கூறினார்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில், அண்ணன் வேலை முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுவதற்குள் வண்டியைத் துடைத்து அவரை மகிழ்விக்க எண்ணினேன். அப்பா தம் காருக்குப் பயன்படுத்தும் பாலிஷை எடுத்துப் பெட்ரோல் தொட்டியின்மீது தடவினேன். வியர்வை சொட்டச் சொட்டத் தேய்த்தேன். தொட்டி மின்னத் தொடங்கியது. ஆனால், எங்கும் ஒரே சீராக மின்னவில்லை. அழுத்தித் தேய்த்த இடங்கள் மட்டும் திட்டுத் திட்டாகப் பளபளத்தன. என் மனம் பதறியது.

எழுந்து வந்த அண்ணன் என்னை ஏசவில்லை. தொட்டியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல மனத்தோடுதான் செய்திருக்கிறாய், தம்பி. வா, பட்டறைக்குப் போய்க் கேட்டு வருவோம்,” என்றார்.

பட்டறை உரிமையாளர் வாகனங்களுக்கு உரிய சவர்க்கார நீரால் தொட்டியை இரண்டு மூன்று முறை கழுவினார். மேலாக ஒட்டியிருந்த மெழுகு நீங்கியது. சில திட்டுகள் மறைந்தன. ஆனால், நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. “இது மெழுகு அன்று, தம்பி. நீ பயன்படுத்திய பாலிஷில் உள்ள தேய்ப்புத் துகள்கள் சாயத்தின் மேற்பரப்பையே வழவழப்பாக்கிவிட்டன. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால், மறுபடியும் சாயம் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை,” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

“ஏன் அப்படி?” என்று அண்ணன் கேட்டார்.

“அசையாத குளத்து நீரில் நம் முகம் தெளிவாகத் தெரியும். காற்று வீசிச் சிற்றலைகள் எழுந்தால் தெரியாது அல்லவா? சாயமும் அப்படித்தான். பளபளப்பான சாயத்தின் மேற்பரப்பு மிகவும் சமமானது. அதில் படும் ஒளி ஒரே திசையில் திரும்பி வருவதால் அது மின்னுகிறது. மேட் சாயத்தின் மேற்பூச்சில் சிலிக்கா போன்ற நுண்துகள்களைக் கலக்கிறார்கள். அதனால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. அவற்றில் படும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. எனவே, சாயம் மங்கலாகத் தெரிகிறது. மெழுகு அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும். பாலிஷ் அந்த மேடுகளைத் தேய்த்துவிடும். பளபளப்பான சாயத்தில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். மேட் சாயத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, வருமுன் காப்பதே வழி,” என்று அவர் விளக்கினார்.

பின்னர், வண்டியைக் கழுவும் முறையையும் அவரே செய்து காட்டினார். வெயிலில் நின்ற வண்டியை உடனே கழுவக்கூடாது. நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகே கழுவ வேண்டும். முதலில் நீரை ஊற்றி மணலையும் தூசியையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால், துணியோடு சேர்ந்து மணலும் சாயத்தைத் தேய்க்கும். அடுத்து, இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் மேட் சாயத்திற்கு ஏற்ற மென்மையான சவர்க்கார நீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கு நல்ல நீர். மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சையும் முரட்டுத் தூரிகையையும் அருகில் கொண்டுவரவே கூடாது. கழுவி முடித்ததும், உலர்ந்த துணியை ஈரத்தின்மீது மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். நீர்த்துளிகள் வெயிலில் தாமாகவே காய்ந்தால் வெண்கறை படியும்.

பறவை எச்சமோ பூச்சியோ ஒட்டிக்கொண்டால் சுரண்டக்கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மீது போட்டு ஊறவைத்தால், தானே இளகி வந்துவிடும். பெட்ரோல் நிரப்பும்போது சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவ வேண்டும். எச்சமும் பெட்ரோலும் நெடுநேரம் தங்கினால் சாயத்தைக் கெடுத்துவிடும்.

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. எனவே, வண்டியைக் கூரையின்கீழ் நிறுத்துவது நல்லது. உறை போடுவதானால், தூசியை நீக்கிய பின்னரே போட வேண்டும். தூசியின்மேல் உறை போட்டால், காற்றில் அந்த உறை அசைந்து அசைந்தே சாயத்தைத் தேய்த்துவிடும். முழங்கால் உரசும் இடத்தில் தொட்டிக்குரிய ரப்பர் அட்டையை ஒட்டலாம். பாதுகாப்புப் பூச்சு தேவையென்றால், மேட் சாயத்திற்கென்றே தயாரிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனின் வண்டியைக் கழுவுவது என் பொறுப்பாயிற்று. மறுபடியும் சாயம் பூச அண்ணன் செலவு செய்யவில்லை. அந்த உள்ளங்கை அளவு பளபளப்பு இன்றும் தொட்டியின் நடுவில் இருக்கிறது. அதன்மீது ஈரத்துணியை ஒற்றி எடுக்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும்: ஒன்றைப் பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது; அதன் தன்மையையும் அறிந்திருக்க வேண்டும்.