பன்னிரண்டு நாளில் பிறந்த சட்டம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் தாஸ்மேனியா என்றொரு தீவு மாநிலம் உண்டு. பிரிட்டிஷார் தம் நாட்டுக் கைதிகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து அடைத்து வைத்த சிறைச்சாலையின் இடிபாடுகள் அங்கே போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் நிற்கின்றன. இக்காலத்தில் அது சுற்றுலாத் தலம். 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்த சிற்றுண்டி விடுதியில் ஓர் இளைஞன் தன் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினான். இரண்டு நிமிடங்களுக்குள் அங்கே மட்டும் 20 பேர் மாண்டனர். அடங்குவதற்குள் மாண்டவர் தொகை 35 ஆயிற்று. அவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவனிடம் துப்பாக்கி உரிமம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வோம்.

இரண்டு நிமிடத்தில் இருபது உயிர் எவ்வாறு போயிற்று? இதற்கு விடை துப்பாக்கியின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டதும் கையால் தாழை இழுத்து, வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்த வேண்டும். தானே குண்டேற்றும் துப்பாக்கியில் இந்த வேலையைக் கை செய்வதில்லை. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் ஒரு பகுதி குழாயிலுள்ள சிறு துளை வழியாகத் திரும்பி வந்து தாழைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பழைய கூடு வெளியே விழுகிறது. சுருள்வில் தாழை முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த தோட்டா தன் இடத்தில் அமர்ந்து விடுகிறது. சுடுபவன் விசையை மறுபடியும் அழுத்தினால் போதும். குண்டுக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சில வினாடிகளில்தான் மேசைக்கு அடியில் பதுங்கவோ, கதவை நோக்கி ஓடவோ, சுடுபவன் மேல் பாயவோ ஒருவருக்கு அவகாசம் கிடைக்கிறது. பன்னிரண்டு நாள் கழித்து, மே 10 அன்று, ஆஸ்திரேலிய ஆட்சியாளர் செய்துகொண்ட உடன்படிக்கை குறிவைத்தது இந்த இடைவெளியைத்தான் என்பது என் கருத்து. துப்பாக்கி பெரியதா சிறியதா என்று மட்டும் பாராமல், அது எவ்விதம் குண்டேற்றிக் கொள்கிறது, ஒரே மூச்சில் எத்தனை தோட்டா தாங்கும் என்று பார்த்து அதனை வகைப்படுத்தினார்கள்.

இதில் அரசியல் சிக்கல் ஒன்றும் இருந்தது. அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. மத்திய அரசின் கையில் இருந்தது இறக்குமதித் தடை ஒன்றே. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவியேற்று இரண்டு மாதம்கூட நிறையவில்லை. மாநிலங்கள் இணங்காவிட்டால் மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்புக்குப் போவேன் என்று அவர் அச்சுறுத்திய பின்னரே எல்லாரும் வழிக்கு வந்தனர். துப்பாக்கி வேண்டுவோர் தக்க காரணம் காட்ட வேண்டும். தற்காப்புக்கு என்பது தக்க காரணம் ஆகாது. வாங்குவதற்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவு பெற வேண்டும். தடை செய்யப்பட்டவற்றை அரசே விலை கொடுத்து வாங்கிக் கொள்ளும். சும்மா பறிக்க இயலாது. உடைமையை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டுமென்று அந்நாட்டு அரசியல் சட்டம் கூறுகிறது. இதற்காக மருத்துவக் காப்புறுதி வரியை ஓராண்டுக்கு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்த்தினர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவை நசுக்கி அழிக்கப்பட்டன.

நாட்டுப்புறத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. விக்டோரியா மாநிலத்தின் சேல் நகரில் துப்பாக்கி வைத்திருப்போர் கூட்டத்தில் ஹோவர்ட் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசினார். அந்த உழவர்களைப் பழித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. காட்டுப்பன்றி புகுந்த கடலைக் கொல்லையைக் காலையில் போய்ப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும். யாரோ ஒருவன் செய்த குற்றத்துக்கு என் பொருளை ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் இழந்து விடவில்லை. கையால் குண்டேற்றும் துப்பாக்கி உரிமத்தோடு அவர்களிடம் இருந்தது. பன்றியை விரட்ட அது போதும்.

சரி, சட்டத்தால் பயன் விளைந்ததா? 1979 முதல் 1996 வரையிலான 18 ஆண்டுகளில் ஐவரும் அதற்கு மேலும் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13 நிகழ்ந்தன. 1997 முதல் 2016 மே வரை ஒன்றுகூட இல்லை. துணைப்பாடக் கணிதத்தில் நாம் படித்த பாய்சான் பரவலை இதற்குப் பொருத்திப் பார்த்தேன். ஆண்டுக்குச் சராசரி 0.72 வீதம் என்றால், 19 ஆண்டுகள் ஒன்றுமே நிகழாதிருக்க வாய்ப்பு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று. ஆயினும் இவ்விடையை அப்படியே நம்பலாகாது. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைச் சாராதது என்பது பாய்சான் விதியின் அடிப்படை. இத்தகைய கொலைகளோ ஒன்றைப் பார்த்து ஒன்று நடப்பதும் உண்டு.

எல்லாத் துப்பாக்கிச் சாவுகளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் மங்கலாகிறது. 1996க்கு முன்பே அவை ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைந்து கொண்டிருந்தன, பிறகு 4.9 விழுக்காடு குறைந்தன. துப்பாக்கி இல்லாத தற்கொலைகளும் கொலைகளும்கூட அதே காலத்தில் குறைந்தன. ஆதலால் இவ்விரைவு முழுவதும் சட்டத்தின் பலன் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என 2016இல் ஆய்வாளர்களே எழுதினர். சட்டத்தை ஆதரிப்போர் இவ்வரியைச் சொல்லாமல் விடுவது சரியன்று. எதிர்ப்போர் இதை மட்டும் சொல்வதும் சரியன்று. ஏனெனில், துப்பாக்கி குறைந்ததால் மக்கள் வேறு வழியில் மாண்டார்கள் என்ற வாதமும் இதே கணக்கால் அடிபட்டுப் போகிறது.

அமைதி நிலைக்கவில்லை. 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தில் ஏழு பேர் மாண்டனர். சுட்டவரும் அவர்களுள் ஒருவர். 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் பாண்டி கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தந்தையும் மகனுமாக இருவர் சுட்டதில் 15 பேர் உயிரிழந்தனர். போர்ட் ஆர்தரில் சுட்டவனுக்கு உரிமம் இல்லை. இங்கோ தந்தைக்கு உரிமம் இருந்தது. அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் முறைப்படி பதிவாகியிருந்தன. 1996 உடன்படிக்கை துப்பாக்கியின் வகையைப் பார்த்தது, வாங்குபவரின் காரணத்தைப் பார்த்தது. ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்று வரையறுக்கவில்லை. நாட்டிலுள்ள துப்பாக்கிகளின் தொகை இதற்குள் 40 இலட்சத்தைத் தாண்டி, 1996இல் இருந்ததைவிட மிகுந்துவிட்டது. பாண்டிக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பொதுவாக ஒருவருக்கு நான்கு, உழவர் போன்றோருக்குப் பத்து என்று எல்லை வகுத்தது.

ஒரு மாநிலத்தில் பதிவான துப்பாக்கியை இன்னொரு மாநிலக் காவலர் உடனே கண்டறிய, நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும். மாநிலப் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைப்பது 1996லேயே பேசி ஒப்புக்கொண்ட செய்தி. குயின்ஸ்லாந்தின் வியாம்பில்லாவில் 2022இல் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், 2023 டிசம்பரில்தான் ஒரே பதிவேட்டை அமைப்பதென்று பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடி முடிவு செய்தனர். பாண்டி நிகழ்ந்த நாளில் அது கட்டி முடியவில்லை. அதற்குக் குறித்திருந்த ஆண்டு 2028.