சாம்பிளுக்கென்று தனிக் கம்ப்யூட்டர்: ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மாடியறையில் சிறிய ஸ்டுடியோ போட்டவர்கள் பலரும் பாட்டைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரிலேயே வயலின் குழு, தபேலா, மிருதங்கம் என்று எல்லா சாம்பிள்களையும் ஏற்றிவிடுகிறார்கள். பாடகர் மேல் ஸ்தாயியில் நல்ல சங்கதி ஒன்றைப் பிடிக்கிற நேரத்தில் படபடவென்று சத்தம் வந்து டேக் கெட்டுப்போகும். சாம்பிளுக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

1. இதற்குப் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. சில வருடம் ஓடிய டெஸ்க்டாப்பே போதும், ரேமைக் கூட்ட வழி இருந்தால் சரி. 16 ஜிபியில் தொடங்கலாம். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்கள் வைத்திருப்பவர்களுக்கு 64 ஜிபி வேண்டியிருக்கும்.

2. பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள். கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து இழுக்கின்றன. கான்டாக்டில் இந்தத் தொடக்கப் பகுதி வழக்கமாக 60 கேபி. 20,000 சாம்பிள் ஏற்றினால் இதற்கே 1.2 ஜிபி ரேம் போகும். எஸ்.எஸ்.டி. வேகமானது என்பதால் இதை 12 கேபியாகக் குறைக்கலாம், அப்போது 240 எம்பி போதும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் இப்படிக் குறைத்தால் நோட்டுகள் விடுபடும். விண்டோஸ் ஒரு எஸ்.எஸ்.டி.யிலும் சாம்பிள்கள் வேறொன்றிலும் இருக்கட்டும்.

3. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சாம்பிள் டிஸ்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். மேக்கிலும் எடுக்கலாமே என்று எக்ஸ்ஃபேட் போட்டால், எழுதும்போது கரண்ட் போகும் ஊரில் ஃபைல்கள் பாழாகும் ஆபத்து அதிகம்.

4. லைசென்ஸ் வேலைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள். வை-ஃபை, புளூடூத் இரண்டையும் டிவைஸ் மேனேஜரிலேயே நிறுத்துங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். ஸ்லீப் வேண்டாம், யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டும் வேண்டாம். இதற்குப் பிறகும் சத்தம் உடைந்தால், லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். எந்த டிரைவர் தடங்கல் செய்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

5. இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு லேன் கேபிள் போதும். வியன்னா என்செம்பிள் புரோ போன்ற மென்பொருள் மிடியையும் ஆடியோவையும் அந்தக் கேபிள் வழியாகவே அனுப்பும். இரண்டுக்கும் நிலையான ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டால் தினமும் தேட வேண்டியதில்லை.

6. சாம்பிள் ரேட் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சினிமா, வீடியோ வேலை என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

7. பஃபரை வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்பது சுமார் 2.7 மில்லி செகண்ட். கீபோர்டில் விரல் வைத்து வாசிக்க இது சுகமாக இருக்கும். மிக்ஸிங் நேரத்தில் 512, 1024 என்று ஏற்றிவிட்டால் பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

8. ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

9. கடையில் கிடைக்கும் சாம்பிள்களோடு நிற்காமல் நம் வாத்தியங்களை நீங்களே பதிவு செய்யுங்கள். மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நம், தின், சாபு, தொம் என்று எட்டுச் சொற்கள், ஒவ்வொன்றும் மெதுவிலிருந்து பலம் வரை நான்கு அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்திலும் ஐந்து தடவை. மொத்தம் 160 ஃபைல். ஒவ்வொன்றும் மூன்று செகண்ட் ஸ்டீரியோ என்றால் எல்லாம் சேர்ந்து 140 எம்பியைத் தாண்டாது. ஐந்து தடவை எதற்கு என்றால், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் ஃபரன்கள் என்னும் வேகமான அடுக்கடிகள் மெஷின் துப்பாக்கிபோல் கேட்கும். வெவ்வேறு அடிகள் மாறி மாறி வந்தால்தான் மனிதக் கை தெரியும்.

10. மிருதங்கத்தின் இடது முகமான தொப்பிப் பக்கத்து அடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். அதில் பூசிய ரவை காயக் காய நாதம் மாறிவிடும். ஏ.சி. அறையில் இன்னும் சீக்கிரம் காயும். இடையிடையே தம்பூராவோடு ஒப்பிட்டு வலது முகமான வலந்தலையின் சுருதியையும் சரிபாருங்கள். தொப்பியில் இழுத்து வாசிக்கும் கும்கியை ஒற்றை அடியாக எடுத்தால் போதாது. குட்டை, நடுத்தரம், நீளம் என்று இழுப்பு வாரியாகத் தனித்தனியே எடுங்கள். பதிவின்போது ஃபேனை நிறுத்துங்கள், ஒவ்வொரு அடியின் கார்வையும் முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள்.

11. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே வாத்தியம், சுருதி, சொல், அழுத்தம், எத்தனையாவது தடவை என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 160 ஃபைலையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

12. வெட்டாத மூலப் பதிவுகளுக்கு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஸ்டுடியோவுக்கு வெளியே இருக்கட்டும்.

13. வாசித்த வித்வானுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடாது. அவர் கையின் ஓசை இனி எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஒலிக்கப்போகிறது. அதை முன்பே அவரிடம் விளக்கிச் சொல்லி, தொகையையும் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த சாம்பிள்களை விற்கும் எண்ணம் இருந்தால், அவருடைய பங்கையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.